தானுந்து நிலத்தொடுப்பு

தானுந்து நிலத்தொடுப்பு என்பது தானுந்தின் மின்கருவிகளில் இருந்து மின்னோட்டம் மின்கலத்துக்குத் திரும்பிச் செல்வதற்கான இணைப்பு ஆகும். பணிமனைகளில் இது எர்த் எனப்படுகிறது. பெயர் இவ்வாறு இருப்பினும் இது நிலத்துடன் இணைக்கப்படுவதில்லை. வண்டியின் உலோக உடலே திரும்பு கம்பியாகப் பயன்படுகிறது. இயந்திரம் இறப்பர் தாங்கிகளின் மேல் அமர்ந்திருப்பதால், அதனை உடலுடன் இணைக்கத் தடித்த செப்புப் பட்டை பொருத்தப்படுகிறது.

இன்றைய தானுந்துகளில் மின்கலத்தின் எதிர்முனை உடலுடன் இணைக்கப்படுகிறது. பழைய பிரித்தானியத் தானுந்துகள் பலவற்றில் நேர்முனை இணைக்கப்பட்டிருந்தது. 1962 இல் வெளிவந்த எம்ஜிபி தானுந்து 1967 வரை இம்முறையைக் கொண்டிருந்தது.

பழுதும் அறிகுறிகளும்

ஈரம், உப்பு, மின்கல அமிலம் ஆகியவற்றால் இணைப்புகள் துருப்பிடித்து, அவற்றின் மின்தடை கூடுகிறது. தொடக்கி மின்னோடி 150 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும்போது, 0.01 ஓம் தடை மட்டுமே 1.5 வோல்ட்டு இழப்பை உண்டாக்கும். இதனால் இயந்திரம் மெதுவாகச் சுழலும். விளக்குகள் மங்குதல், திசைகாட்டி விளக்குடன் பிற விளக்குகளும் சிமிட்டுதல் ஆகியன பிற அறிகுறிகள் ஆகும். செப்புப் பட்டை அறுந்தால் மின்னோட்டம் முடுக்கி வடம் போன்ற மெல்லிய வடங்களின் வழியே பாய்ந்து அவற்றை எரித்துவிடக் கூடும்.

சோதனை

தடைமானியால் மட்டும் சோதிப்பது போதாது. பல இழைகள் அறுந்த கம்பியும் குறைந்த தடையையே காட்டும். எனவே இயந்திரத்தைச் சுழற்றும்போது, மின்கலத்தின் நிலத்தொடுப்பு முனைக்கும் இயந்திர உடலுக்கும் இடையிலான மின்னழுத்தம் அளக்கப்படுகிறது. பொதுவாக இது 0.2 வோல்ட்டு அளவைத் தாண்டக் கூடாது எனக் கொள்ளப்படுகிறது.

துப்புரவும் பாதுகாப்பும்

முதலில் மின்கலத்தின் நிலத்தொடுப்பு முனை கழற்றப்பட வேண்டும். மற்ற முனையை முதலில் கழற்றினால், திருகுசாவி வண்டியின் உடலில் பட்டுக் குறுஞ்சுற்று ஏற்படலாம். மின்கலத்தில் இருந்து வெளியேறும் ஐதரசன் வளிமம் தீப்பொறியால் வெடிக்கவும் கூடும்.

பின்னர் மரையாணியைக் கழற்றி, தொடும் பரப்புகள் இரண்டும் உலோகம் பளிச்சிடும் வரை உப்புத்தாளாலோ கம்பித் தூரிகையாலோ தேய்க்கப்படுகின்றன. வண்ணப்பூச்சும் நீக்கப்பட வேண்டும். அமிலப் படிவுகளைச் சமையல் சோடா கரைசலால் கழுவலாம். கரைசல் மின்கலத்தினுள் செல்லக் கூடாது. இழைகள் அறுந்த பட்டையை மாற்றுவதே தகும்.

இணைப்பை இறுக்கிய பின், ஈரம் புகாதவாறு அதன் மேல் வாசலின் பூசப்படுகிறது. இறுதியாகவே மின்கலத்தின் நிலத்தொடுப்பு முனை மீண்டும் இணைக்கப்படுகிறது.