முதல்ல நிறுத்தக் கத்துக்கோ: ஒரு பனிச்சறுக்கு வாத்தியாரின் கதை



கொஞ்சம் நீளமான பதிவு. டீயோட உட்காருங்க.

உப்பிலியபுரத்துல உட்கார்ந்துகிட்டு பனிச்சறுக்கைப் பத்தி எழுதுறீங்களே டாக்டர், நமக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி. நம்ம ஊர்ல பனின்னா மார்கழிக் காலையில பச்சமலை மேல படர்ந்து நிக்குறதுதான். அதுல யாரும் சறுக்க முடியாது.

ஆனா வேற வகையில சறுக்கி விழுந்தவங்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். சோபனபுரத்துல இருந்து டாப் செங்காட்டுப்பட்டி போற மலைப்பாதை தெரியும்ல? பைக் ஓட்டக் கத்துக்கிட்டுப் பத்து நாள்கூட ஆகாத ஒரு பையன். ஏறும்போது பிரச்சனை இல்ல. இறங்கும்போது வளைவுல வண்டி நிக்கல. முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைஞ்சு வந்தான்.

"யாருப்பா வண்டி கத்துக் கொடுத்தது?"

"ஃபிரண்டு சார்."

"முதல்ல என்ன சொல்லிக் கொடுத்தான்?"

"ஆக்ஸிலேட்டர் சார்."

அன்னைக்கு ராத்திரி டியூட்டியில எனக்கு ஒரு ஆள் ஞாபகம் வந்தார். ஆல்ப்ஸ் மலைக்காரர். ஹன்னஸ் ஷ்னைடர். அவர் கதையைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஸ்கீன்னா என்னன்னு ஒரு வரியில சொல்லிடறேன். ரெண்டு காலிலும் நீளமான பலகையைக் கட்டிக்கிட்டு பனிச் சரிவுல வழுக்கி இறங்குறது. நார்வே, ஸ்வீடன் பக்கம் பல நூற்றாண்டுகளா இது போக்குவரத்து. குளிர்காலத்துல அடுத்த ஊருக்குப் போகணும்னா அதுதான் வழி. அங்க குழந்தைங்க நடக்குற மாதிரியே இதையும் பழகிக்கும். வாத்தியார் தேவைப்படல.

ஆல்ப்ஸ் மலை அப்படி இல்ல. அங்க சரிவு ரொம்ப செங்குத்து. நார்வே பலகையைக் கட்டிக்கிட்டு இறங்கினவங்க எப்படி நிக்கிறதுன்னு தெரியாம உருண்டாங்க.

இந்தச் சிக்கலை முதல்ல ஒழுங்கா யோசிச்சவர் மத்தியாஸ் ஸ்டார்ஸ்கி. ஆஸ்திரியாவில் லிலியன்ஃபெல்ட் என்ற ஊர்ப் பக்கம் வாழ்ந்தவர். ஓவியர், சிற்பி, பள்ளி ஆசிரியராகவும் இருந்தவர். நார்வேயில இருந்து வரவழைச்ச நீளமான பலகையை வெட்டிச் சுருக்கினார். காலைப் பிடிக்கிற கட்டை மாத்தினார். திரும்புறதுக்கும் வேகத்தைக் குறைக்கிறதுக்கும் ஒரு முறையை உருவாக்கி 1896-ல் புத்தகமாகவே போட்டார். காசு வாங்காம ஆயிரக்கணக்கான பேருக்குக் கத்தும் கொடுத்தார்.

ஒரு டாக்டரா எனக்கு இவர் மேல தனி மரியாதை. முதல் உலகப்போர்ல ராணுவத்துக்குப் பனிச்சரிவு ஆலோசகரா போனார். 1916-ல் ஒரு பனிச்சரிவு அவரையே அமுக்கிடுச்சு. எலும்பு முறிவும் மூட்டு விலகலும் சேர்த்து கிட்டத்தட்ட 80 இடத்துல. அறுபது வயசு மனுஷன். எக்ஸ்-ரே வந்து இருபது வருஷம்தான், பெனிசிலின் கிடையாது. ஆனாலும் பிழைச்சு, தானே பயிற்சி செஞ்சு, திரும்பவும் பனியில சறுக்கினார். 1940 வரைக்கும் உயிரோட இருந்தார். இப்ப ரெண்டு எலும்பு உடைஞ்சாலே "இனிமே அவ்வளவுதான் சார்"னு சொல்ற நோயாளிகிட்ட நான் இவர் கதையைத்தான் எடுத்து விடுவேன்.

சரி, ஷ்னைடருக்கு வருவோம்.

1890-ல் ஆல்பெர்க் மலைக்கணவாய்ல ஸ்டூபன் என்ற சின்ன ஊர்ல பிறந்தவர். 1907-ல், பதினேழு வயசுல, பக்கத்து ஊரான சாங்க்ட் ஆன்டன்ல ஒரு ஹோட்டல்காரர் அவரை வேலைக்கு எடுத்தார். வேலை என்ன? வர்ற விருந்தாளிகளுக்குப் பனிச்சறுக்கு சொல்லிக் கொடுக்கணும்.

போர் வந்தது. மலைப்படை வீரர்களுக்குக் கத்துக் கொடுக்கும் பொறுப்பு இவருக்கு. அங்கதான் அசல் பிரச்சனை. ஒரே நேரத்துல பெரிய கூட்டம். மலைக்கிராமத்துல இருந்து வந்தவன் பறப்பான். நகரத்துல இருந்து வந்தவன் நிக்கவே தடுமாறுவான். ரெண்டு பேரையும் ஒரே வரிசையில நிறுத்தி ஒரே பாடம் நடத்தினா, முதலாமவன் சலிச்சுப் போவான், ரெண்டாமவன் காலை உடைச்சுக்குவான்.

போருக்கு அப்புறம், 1920களின் தொடக்கத்துல சாங்க்ட் ஆன்டன்ல பள்ளிக்கூடமாவே ஆரம்பிச்சார். அவர் செஞ்சது கேட்க ரொம்ப சாதாரணமா இருக்கும். வர்றவங்களைச் சரிவுல கொஞ்சம் சறுக்க விட்டுப் பார்த்து, திறமைப்படி வகுப்புகளாப் பிரிச்சார். ஒரு வகுப்புப் பாடம் உடம்புல படியாம அடுத்த வகுப்புக்கு அனுப்ப மாட்டார். எந்த ஆசிரியர்கிட்ட போனாலும் பாடம் ஒண்ணுதான், வரிசையும் ஒண்ணுதான்.

அந்த முதல் வகுப்புல என்ன பாடம் தெரியுமா?

பிரேக்.

பலகைகளோட முன்முனை ரெண்டையும் சேர்த்து, பின்முனைகளை அகட்டி வைக்கணும். மேல இருந்து பார்த்தா குடிசைக் கூரை மாதிரி இருக்கும். முழங்காலை லேசா உள்பக்கம் சாய்ச்சா பலகையோட உள்விளிம்பு பனியில பதிஞ்சு வேகம் குறையும். இன்னும் அகட்டினா நின்னுடும். இதுக்குப் பனிக்கலப்பைன்னு பேரு. இது வந்த பிறகு, அதே கூரை நிலையில ஒரு காலுக்கு மட்டும் எடையைக் கொடுத்துத் திரும்புறது. அது வந்த பிறகு, கூரையில ஆரம்பிச்சு பாதித் திருப்பத்துல ரெண்டு பலகையையும் இணையாச் சேர்க்குறது. ஒவ்வொரு படியும் முந்தைய படிக்குள்ளயே ஒளிஞ்சிருக்கும். புதுசா பயப்பட எதுவும் இருக்காது. இதைத்தான் ஆல்பெர்க் முறைன்னு உலகமே கூப்பிட்டுச்சு.

கிணத்துல நீச்சல் கத்துக்கிட்டவங்களுக்கு இது புரியும். முதல்ல முதுகுல சுரைக்குடுக்கை. ஒரு வாரம் கழிச்சுதான் அதைக் கழட்டுவாங்க. எங்க மாமா மாதிரி நேரா தூக்கிப் போட்டவங்களும் உண்டு, அது வேற கதை.

ஷ்னைடர் பேர் பரவினதுக்கு சினிமாவும் ஒரு காரணம். அர்னால்ட் ஃபாங்க் என்ற இயக்குநர் அவரை வச்சுப் பல படம் எடுத்தார். 1931-ல் வந்த ஒரு படத்துல ஒண்ணுமே தெரியாத மாணவியா ஒரு நடிகை, அவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற வாத்தியாரா ஷ்னைடர். அந்த நடிகை லெனி ரீஃபென்ஸ்டால். அடுத்த சில வருஷத்துல ஹிட்லருக்காகப் பிரச்சாரப் படம் எடுத்த அதே ஆள்.

வாத்தியார் வேற பக்கம் நின்னார்.

தன் பள்ளிக்கூடத்துல நாஜி அரசியல் செஞ்ச ஆசிரியர்களை வெளியே அனுப்பினார். அந்த ஊரை உலக வரைபடத்துல ஏத்தினதுல அவருக்குச் சமமா உழைச்ச நண்பர் ருடால்ஃப் கோம்பெர்ஸ் யூத வம்சாவளி. நண்பரை விட்டுக் கொடுக்கவே இல்ல.

1938 மார்ச் 12. ஹிட்லரோட படை ஆஸ்திரியாவுக்குள் நுழைஞ்ச நாள். அன்னைக்கே ஷ்னைடரைக் கைது பண்ணிட்டாங்க. சில வாரம் சிறை, அப்புறம் ஜெர்மனியில கார்மிஷ் நகரத்துல கண்காணிப்புல. அவர் கட்டின பள்ளிக்கூடம் அவர் கையை விட்டுப் போச்சு. யார் எந்த வகுப்புன்னு திறமையை வச்சுப் பிரிச்ச மனுஷனோட ஊரை, பிறப்பை வச்சுப் பிரிக்கிறவங்க எடுத்துக்கிட்டாங்க.

அவரை மீட்டது ஹார்வி கிப்சன் என்ற அமெரிக்க வங்கி அதிபர். தன் சொந்த ஊரான நார்த் கான்வேல அவருக்குப் பனிச்சறுக்கு மலை ஒண்ணு இருந்தது. ஜெர்மானிய அதிகாரிகளோட பேசி, ஷ்னைடரையும் குடும்பத்தையும் வரவழைச்சார். 1939 பிப்ரவரி 11-ல் ரயில் வந்து நின்னப்போ, ஊர்ப் பிள்ளைங்க ரெண்டு பக்கமும் நின்னு ஸ்கீ கோல்களை உயர்த்தி வளைவு மாதிரி பிடிச்சாங்க. அதுக்குக் கீழேதான் அவர் நடந்து போனார். 1955-ல் இறக்கும் வரைக்கும் அவருக்கு அதுதான் ஊர்.

கோம்பெர்ஸுக்கு அப்படி ஒரு ரயில் வரல. 1942 மே மாசம் வியன்னாவிலிருந்து நாடு கடத்தி, பெலாரஸ்ல மாலி ட்ரோஸ்டெனெட்ஸ் என்ற இடத்துல கொன்னுட்டாங்க.

இனி நம்ம நாட்டுக்கு வருவோம்.

காஷ்மீர் குல்மார்க்ல 1927-லயே பிரிட்டிஷ் அதிகாரிகள் ஸ்கீ கிளப் ஆரம்பிச்சாங்க. பொழுதுபோக்குக்காக. 1948 டிசம்பர்ல, காஷ்மீர் போர் நடந்துகிட்டு இருக்கும்போதே, திம்மையா தலைமையில இருந்த 19-வது காலாட்படை டிவிஷன் அங்க ஒரு ஸ்கீ பள்ளியைத் தொடங்குச்சு. இன்னைக்கு இருக்குற உயர்மலைப் போர்ப் பள்ளியோட ஆரம்பம் அதுதான். பிறகு இந்திய சுற்றுலாத் துறை ருடால்ஃப் மாட் என்ற ஆஸ்திரிய நிபுணரை அழைச்சு, எந்த மலை சரிப்படும்னு கேட்டுச்சு. அவர் கைகாட்டினதும் குல்மார்க்தான். 1968-ல் அங்க பயிற்சி நிறுவனம் வந்தது.

இதுல தமிழன் எங்கன்னு கேட்டா, சியாச்சின்ல. 2016 பிப்ரவரி 3-ல் பனிச்சரிவுல சிக்கின பத்து பேரும் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19-வது பட்டாலியன். நாலு பேர் நம்ம தமிழ்நாடு. பனியையே பார்க்காத ஊர்ல பிறந்து, கயிறு கட்டி நடக்கிறதுல இருந்து ஒவ்வொரு படியா பழகி மேலே போனவங்க. அன்னைக்கு வந்தது எந்தப் பயிற்சியும் தடுக்க முடியாத பனிச்சுவர். அதையும் சொல்லணும்.

எனக்கு இந்தக் கதை ஏன் ஒட்டிக்கிச்சுன்னா, போன வருஷம் நான் ஒரு சிபிஆர் வகுப்பு எடுத்தேன். நெஞ்சை அழுத்தி உயிர் காக்கிற முதலுதவி. இருபது வருஷ அனுபவம் உள்ள சிஸ்டர், கல்லூரிப் பிள்ளைங்க, வாட்ச்மேன் அண்ணன், எல்லாரும் ஒரே கூடத்துல. நான் ஸ்லைடு போட்டுப் பேசினேன். சிஸ்டர் கொட்டாவி விட்டாங்க. கடைசியில பொம்மை மேல கையை வைக்கச் சொன்னா, அண்ணன் "நீங்க பண்ணுங்க சார், நான் பார்த்துக்கறேன்"னு பின்னாடி போயிட்டார். தப்பு என்னோடது.

அடுத்த தடவை மூணா பிரிச்சேன். சிஸ்டரையே முதல் குழுவுக்கு வாத்தியார் ஆக்கினேன். அந்தக் குழுவுக்கு முதல் அரை மணி நேரம் ஒரே பாடம்தான்: ஆளைத் தட்டிக் கூப்பிட்டுப் பாரு, மூச்சு இருக்கான்னு பாரு, 108-க்குச் சொல்லு. அது கைவந்த பிறகுதான் பொம்மை.

அன்னைக்கு வாட்ச்மேன் அண்ணன்தான் முதல்ல கேட்டார்: "சார், பக்கத்துல யாருமே இல்லன்னா, முதல்ல போனா, அழுத்துறதா?"

ஸ்பீக்கர்ல போட்டுட்டு அழுத்துங்கண்ணேன்னு சொன்னேன். பொம்மை முன்னாடி அவரே மண்டி போட்டு உட்கார்ந்தார்.