பெருங்குடலே, வெளியே போ!

சைவமா அசைவமா என்று எங்கேயாவது வாக்குவாதம் முற்றும்போது, யாராவது ஒருவர் கடைசி அஸ்திரமாக இதை எடுத்து வீசுவதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ‘சிங்கம், புலிக்கெல்லாம் குடல் குட்டை சார்! ஆடு, மாட்டுக்குத்தான் நீளம். மனுஷனுக்கும் நீளம். அப்போ நாம எதைச் சாப்பிடப் பிறந்தோம்னு நீங்களே சொல்லுங்க!’ எதிராளி சற்றுத் திணறிப்போவார்.

முதல் பாதி உண்மைதான். பூனையின் குடலை உருவி நீட்டினால் (கற்பனையில்தான்!) அதன் உடம்பைப் போல சுமார் 4 மடங்கு வரும். செம்மறியாட்டுக்கோ ஏறக்குறைய 25 மடங்கு! மாமிசம் சீக்கிரம் ஜீரணமாகிவிடும். புல்லில் இருக்கும் செல்லுலோஸ் லேசில் மசியாது. அதை உடைக்கிற என்ஸைம் ஆட்டிடமும் கிடையாது, மாட்டிடமும் கிடையாது. உள்ளே குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் அந்த வேலையைச் செய்தாக வேண்டும். அவை நிதானமாக வேலை பார்க்க இடமும் நேரமும் வேண்டாமா? தவளையைப் பாருங்கள். தலைப்பிரட்டையாகப் பாசி தின்னும் காலத்தில் வயிற்றுக்குள் கடிகார ஸ்பிரிங் மாதிரி நீளமாகச் சுருண்டிருக்கும் குடல், அது வளர்ந்து பூச்சி பிடிக்கக் கிளம்பும்போது சுருங்கிக் குட்டையாகிவிடுகிறது.

சரி, மனிதன் எந்தக் கட்சி? இங்கேதான் தகராறு. 1800-களின் தொடக்கத்திலேயே பிரெஞ்சு விஞ்ஞானி கூவியே ஒவ்வொரு பிராணிக்கும் குடல் நீளம், உடம்பு நீளம் என்று பட்டியல் போட்டுவிட்டார். 1813-ல் இளங்கவி ஷெல்லி, சைவ உணவுக்காக வக்காலத்து வாங்கி வெளியிட்ட சிறு நூலில் மனிதனின் பல்லையும் குடலையும் சாட்சிக்கு அழைத்தார். ஆனால், இந்தக் கணக்கில் ஒரு சின்ன தில்லுமுல்லு இருக்கிறது. ஆட்டை அளக்கும்போது மூக்கிலிருந்து பின்புறம் வரை அளக்கிறோம், காலைச் சேர்ப்பதில்லை. மனிதனை மட்டும் உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை அளந்தால், குடல் சுமார் 5 மடங்குதான். கிட்டத்தட்ட பூனை! காலை விட்டுவிட்டு அளந்தால் அதுவே 10 மடங்கு. ஆக, டேப்பை எங்கே வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து நீங்கள் சைவமாகவோ அசைவமாகவோ ஆகிவிடலாம்!

அந்தக் குடலாவது எல்லோருக்கும் ஒரே அளவா என்றால், அதுவும் இல்லை. ஃபிரெடரிக் ட்ரீவ்ஸ் என்று ஒரு லண்டன் சர்ஜன். (1902-ல் முடிசூட்டு விழாவுக்கு இரண்டே நாள் இருக்கும்போது ஏழாம் எட்வர்ட் மன்னருக்கு அப்பெண்டிக்ஸ் சீழ்க்கட்டி ஆபரேஷன் செய்து, விழாவையே தள்ளிப்போட வைத்தவர் இவர்தான்!) அவர் 100 சடலங்களில் குடலை அளந்து 1885-ல் கணக்கு சொன்னார். சிறுகுடல் மட்டும் ஒருவருக்கு 15 அடி 6 அங்குலம். இன்னொருவருக்கு 31 அடி 10 அங்குலம். அதே ஊர், அதே ரொட்டி, அதே இறைச்சி... குடல் மட்டும் இரண்டு மடங்கு! போதாக்குறைக்கு, இறந்த பிறகு தசை தளர்ந்து குடல் நீண்டுவிடும். உயிரோடு இருக்கும்போது அது இன்னும் குட்டை.

இதெல்லாம் வாக்குவாதத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நூறு வருஷத்துக்கு முன்பு, இது ஆபரேஷன் தியேட்டருக்குள் நுழைந்துவிட்டது.

ஆரம்பித்து வைத்தவர் சாதாரண ஆள் இல்லை. ஈலியா மெச்னிகாஃப். பாரிஸ் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் வேலை பார்த்த ரஷ்ய விஞ்ஞானி. நம் ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்கள் கிருமிகளை விழுங்குகின்றன என்று கண்டு சொல்லி 1908-ல் நோபல் பரிசு வாங்கியவர். முதுமை ஏன் வருகிறது என்று மண்டையைக் குடைந்துகொண்டவர், குற்றவாளியைப் பெருங்குடலில் கண்டுபிடித்தார். ‘பெருங்குடல், கரடுமுரடான தாவர உணவைத் தின்ற நம் மூதாதைகளுக்குத் தேவைப்பட்டது. இப்போது அது வெறும் குப்பைக் கிடங்கு. அங்கே கழிவு அழுகி, விஷம் ரத்தத்தில் கலக்கிறது. கிளியைப் பாருங்கள்... பெருங்குடல் மிகச் சிறியது, ஆயுள் எவ்வளவு நீளம்!’ என்பது அவருடைய வாதத்தின் சாரம். ஆனாலும், எல்லோரும் ஆபரேஷன் செய்துகொள்ளுங்கள் என்று அவர் சொல்லவில்லை. பல்கேரிய விவசாயிகள் நெடுநாள் வாழ்வதற்குத் தயிர்தான் காரணம் என்று நம்பி, தினமும் புளித்த பால் குடித்தார். ஐரோப்பா முழுக்கத் தயிர் மோகம் பிடித்து ஆட்டியது. தயிரில் இருக்கும் கிருமியை மாத்திரையாகக்கூட விற்றார்கள்!

லண்டன் கைஸ் ஆஸ்பத்திரி சர்ஜன் ஆர்புத்நாட் லேனுக்குத் தயிர் போதவில்லை. அவர் கத்தியை எடுத்தார்.

லேன் மகா கெட்டிக்காரர். உடைந்த எலும்புக்கு ஸ்டீல் தகடும் திருகும் வைத்துப் பொருத்துவதில் முன்னோடி. காயத்தைக் கையால் தொடாமல் நீளமான கருவிகளாலேயே வேலையை முடிக்கும் அளவுக்கு சுத்தம். அந்தக் கைத்திறன்தான் வினையாகிவிட்டது. நாலு காலில் நடந்த பிராணி நிமிர்ந்து நின்றதால் குடல் தொங்கி, மடங்கி, அடைத்துக்கொள்கிறது என்பது அவர் சித்தாந்தம். களைப்பு, தலைவலி, மூட்டுவலி, சில்லிட்ட கைகள் எல்லாவற்றுக்கும் ஒரே காரணம், மலச்சிக்கல். ஒரே தீர்வு, சிறுகுடலை நேராகக் கீழே இணைத்துவிட்டு, பெருங்குடலை அடியோடு எடுத்துவிடுவது! அவரிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சோர்ந்து போய், எந்த டாக்டரும் காதுகொடுத்துக் கேட்காமல், கடைசி நம்பிக்கையாக வந்தவர்கள். சிலர் ஆபரேஷனுக்குப் பிறகு பிழைக்கவில்லை. பிழைத்தவர்களில் பலர் வயிற்றுப்போக்கோடும் வலியோடும் காலம் தள்ளினார்கள். (புற்றுநோய்க்கும் தீவிரமான குடல் புண்ணுக்கும் இன்றைக்குப் பெருங்குடலை எடுக்கிறார்களே, அது வேறு விஷயம். லேன் எடுத்தவற்றில் பல, நோயே இல்லாத குடல்கள்.)

நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா சும்மா இருப்பாரா? 1906-ல் மேடையேறிய அவரது ‘தி டாக்டர்ஸ் டைலெமா’வில் ஒரு சர்ஜன் வருகிறார். எந்த நோய் என்றாலும், உடம்பில் இல்லவே இல்லாத ஓர் உறுப்பை வெட்டி எடுக்கத் துடிப்பார். லேனின் ஜாடை என்று பலரும் சொல்வதுண்டு.

1913-ல் லண்டன் ராயல் மருத்துவக் கழகத்தில் இதைப் பற்றிக் காரசாரமான விவாதமே நடந்தது. லேன் அசரவில்லை. கடைசியில் இந்தச் சித்தாந்தத்தைக் கவிழ்த்தது என்ன தெரியுமா? பஞ்சு! 1919-ல் அமெரிக்க டாக்டர் வால்ட்டர் ஆல்வாரெஸ் ஒரு கேள்வி கேட்டார். மலச்சிக்கல்காரருக்கு மலம் கழித்த உடனேயே தலைவலி பறந்துவிடுகிறதே, ரத்தத்தில் விஷம் கலந்திருந்தால் அது அவ்வளவு சீக்கிரமா இறங்கும்? 1922-ல் டொனால்ட்ஸன் என்ற இன்னொரு டாக்டர், ஆரோக்கியமான ஆட்களின் மலக்குடலில் வெறும் பஞ்சை அடைத்துப் பார்த்தார். அதே தலைவலி, அதே மந்தம்! பஞ்சை எடுத்ததும் போயே போச்சு. விஷம் எதுவும் இல்லை... உள்ளே ஏற்பட்ட அழுத்தம்தான்!

உண்மையில் அந்தக் ‘குப்பைக் கிடங்கு’ உப்பையும் தண்ணீரையும் உறிஞ்சி நம்மைக் காப்பாற்றுகிறது. நம்மால் ஜீரணிக்க முடியாத நார்ச்சத்தை அங்குள்ள பாக்டீரியாக்கள் புளிக்க வைத்து, உடம்புக்கு உதவும் அமிலங்களாக மாற்றித் தருகின்றன. அது நம் மூதாதைகளுக்கு இருந்ததைவிடச் சிறியதாகிவிட்டது என்று மெச்னிகாஃப் காலத்தில் யாராவது சொல்லியிருந்தால், அவர் சந்தோஷப்பட்டிருப்பார்! சிம்பன்ஸிக்கு மொத்த ஜீரணப் பாதையில் பாதி பெருங்குடல். நமக்கோ பாதிக்கு மேல் சிறுகுடல். பெருங்குடல் ஐந்தில் ஒரு பங்குதான். ஏன்? குடலில் மிச்சம் பிடித்த சக்தியைத்தான் மூளைக்குச் செலவழித்தோம் என்று 1995-ல் லெஸ்லி ஐயெல்லோவும் பீட்டர் வீலரும் சொன்னார்கள். நூறு பாலூட்டிகளை ஒப்பிட்டு, அப்படி ஒரு பொதுக்கணக்கு தெரியவில்லை என்று 2011-ல் வேறு ஆராய்ச்சியாளர்கள் மறுத்தார்கள். அடுப்புதான் காரணம், பாதி ஜீரணத்தை நாம் பானையிலேயே முடித்துவிடுகிறோம் என்பது ஹார்வர்டின் ரிச்சர்ட் ராங்கம் கட்சி. எனக்கென்னவோ ராங்கம் சொல்வதுதான் மனசுக்குப் படுகிறது. வெளியே ஜீரணம் செய்துகொள்ளும் பிராணியைப் புலியோடும் ஆட்டோடும் ஒப்பிட்டு என்ன பயன்?

மெச்னிகாஃப் 1916-ல், 71-வது வயசில், இதயக் கோளாறால் இறந்தார். சாவதற்கு முன் நண்பரான டாக்டரைக் கூப்பிட்டு, என் குடலை நன்றாகச் சோதித்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டாராம்.

லேன்? அவர் மெல்ல மெல்லக் கத்தியைக் கீழே வைத்தார். 1925-ல் ‘நியூ ஹெல்த் சொஸைட்டி’ என்று ஒரு சங்கம் ஆரம்பித்தார். பத்திரிகைகளில் ஜனங்களுக்கு யோசனை சொல்வதற்காக, 1933-ல் டாக்டர்கள் பட்டியலிலிருந்தே தன் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டார். 1943-ல், 86 வயசில் கண்ணை மூடும் வரை அவர் ஊருக்குச் சொன்ன வைத்தியம்... தவிடு நீக்காத ரொட்டி, பழம், காய்கறி! பெருங்குடல் பாக்டீரியாக்களுக்கு அதைவிட நல்ல விருந்து கிடையாது.