இன்ஜினுக்கும் உண்டு ஜாதகம்

பழைய கார் வாங்கப் போகிறவர்கள் பெயின்ட்டைப் பார்ப்பார்கள், டயரைப் பார்ப்பார்கள், எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று பார்ப்பார்கள். பானெட்டைத் திறந்து, "இந்த இன்ஜின் இந்தக் காரோடு பிறந்ததா, இல்லை வேறு எங்கிருந்தோ வந்து குடியேறியதா?" என்று கேட்பவர்கள் குறைவு. அந்தக் கேள்விக்கு நூறு வருஷத்துக்கும் மேலான சரித்திரம் இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

பி.காம். மாணவனுக்கு இன்ஜினில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். நம் பாடத்துக்கும் பழைய காருக்கும் நெருங்கிய சொந்தம். 1970-ல் ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் பழைய கார் சந்தையை வைத்தே ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். அமெரிக்கப் பேச்சுவழக்கில் ஓட்டைக் காருக்கு 'லெமன்' என்று பெயர். காரின் குறை விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. அதனால் வாங்குபவன் எல்லாக் காருக்கும் சராசரி விலைதான் கொடுப்பான். அந்த விலைக்கு நல்ல கார் வைத்திருப்பவன் விற்க மாட்டான். கடைசியில் சந்தையில் மிஞ்சுவது எலுமிச்சைகள்தான்! 2001-ல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசுக்கு இந்தச் சிந்தனையே அடிப்படை.

சரி, சரித்திரத்துக்கு வருவோம்.

ஃபோர்டு மாடல் டி கார் 1908-லிருந்து 1927 வரை தயாரானது. மொத்தம் ஒன்றரைக் கோடிக்கு மேல். அந்தக் காருக்குத் தனியாக ஒரு நம்பர் கிடையாது. இன்ஜினில் அடித்த நம்பர்தான் காரின் நம்பர். அமெரிக்காவில் பல மாநிலங்கள் உரிமைப் பத்திரத்தையும் இன்ஜின் நம்பரை வைத்தே கொடுத்தன. இதில் உள்ள சிக்கல் புரிகிறதா? இன்ஜின் பழுதாகி வேறு இன்ஜின் மாட்டினால், பத்திரத்தில் ஒரு கார், வீட்டு வாசலில் வேறு கார்! திருடர்களுக்கும் இது வசதியாகப் போனது. திருட்டுக் காரை மாநில எல்லை தாண்டிக் கொண்டுபோவதை மத்தியச் சட்டப்படி குற்றமாக்கிய டயர் சட்டம் 1919-லேயே வந்துவிட்டது. (டயர் என்றால் சக்கரத்து டயர் இல்லை, அதைக் கொண்டுவந்த உறுப்பினரின் பெயர் :-))

1950-களின் நடுவில்தான் காரின் அடையாளம் இன்ஜினை விட்டுப் பிரிந்து உடலுக்கு வந்தது. 1969 ஜனவரியிலிருந்து அந்த நம்பர் முன்கண்ணாடி வழியாக வெளியிலிருந்தே தெரிய வேண்டும் என்றார்கள். 1981 மாடல்களிலிருந்து எல்லோருக்கும் ஒரே மாதிரி 17 எழுத்து-எண் முறை. 1, 0 ஆகிய எண்களோடு குழம்பும் என்று ஆங்கில ஐ, ஓ, க்யூ மூன்றையும் அதில் விட்டுவிட்டார்கள். ஒன்பதாவது இடம் சரிபார்ப்பதற்கு. மனம்போன போக்கில் நம்பர் புனைந்தால் கணக்கு உதைக்கும்.

காருக்குத் தனி நம்பர் வந்ததும் இன்ஜின் நம்பருக்கு வேலை போய்விட்டதா? இல்லை, அது சாட்சியாக மாறியது. இதற்கு நல்ல உதாரணம் செவ்ரோலே கமாரோ இசட்/28.

1960-களில் அமெரிக்காவில் 'டிரான்ஸ்-ஆம்' என்ற கார் பந்தயம் நடந்தது. இன்ஜின் 305 கன அங்குலத்தை (5 லிட்டர்) தாண்டக் கூடாது என்பது விதி. அதற்காக செவ்ரோலே 302 கன அங்குல இன்ஜின் ஒன்றைச் செய்தது. 1967-ல் விற்றது வெறும் 602 கார், 1969-ல் 20,302. இன்று சேகரிப்பாளர்கள் இதற்குச் சாதாரண கமாரோவைவிட மிக அதிக விலை கொடுக்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், 1969 கமாரோவின் கார் நம்பர் எட்டு சிலிண்டர் வண்டி என்பதை மட்டும்தான் சொல்லும். இசட்/28 என்று சொல்லாது. அமெரிக்காவில் விற்ற காருக்கு, எந்தக் கார் என்னென்ன வசதியோடு போனது என்று கேட்டு வாங்க செவ்ரோலேயிடம் பதிவேடும் இல்லை. ஆகவே இன்ஜின்தான் முக்கிய சாட்சி. அந்தச் சாட்சியை எப்படி விசாரிக்கிறார்கள் தெரியுமா?

முதலில் இன்ஜின் பிளாக்கில் வார்ப்பிலேயே வந்த எண். 1969 இசட்/28 இன்ஜின்களில் காணப்படும் ஒரு எண் 3970010. ஆனால் அதே வார்ப்பைச் சாதாரண 350 இன்ஜினுக்கும் பயன்படுத்தினார்கள், அதுவும் 1970-கள் முழுவதும். எனவே இது மட்டும் போதாது.

இரண்டாவது, வார்த்த தேதி. மாதத்துக்கு ஒரு எழுத்து (ஜனவரி என்றால் ஏ), பிறகு நாள், பிறகு வருஷத்தின் கடைசி எண் மட்டும். 'ஏ 14 9' என்றால் 1969 ஜனவரி 14. அல்லது 1979 ஜனவரி 14! பத்து வருஷம் இளைய இன்ஜின் இந்த ஓட்டை வழியாக நுழையலாம்.

மூன்றாவது, முன்பக்கம் வலதுபுறத் தட்டையான பகுதியில் அடித்த முத்திரை. ஆலைக்கு ஒரு எழுத்து (ஃப்ளின்ட் ஆலைக்கு வி), இன்ஜின் பூட்டிய மாதம், தேதி, கடைசியில் வகைக் குறி. 1969 இசட்/28-க்கு அந்தக் குறி 'டிஇசட்'. கூடவே அந்தக் காரின் நம்பரில் ஒரு பகுதியும் இருக்கும்.

இப்போது வரிசையைப் பாருங்கள். முதலில் வார்க்க வேண்டும், பிறகு இன்ஜினைப் பூட்ட வேண்டும், அதன்பிறகு கார் தயாராக வேண்டும். மார்ச்சில் வார்த்த இன்ஜினை அதே வருஷம் ஜனவரியில் பூட்டியதாக முத்திரை சொன்னால், அந்த முத்திரை பொய். பிள்ளைக்குப் பிறகு தாய் பிறக்க முடியாது இல்லையா? வவுச்சர் தேதி பில் தேதிக்கு முந்தி இருந்தால் ஆடிட்டர் நிமிர்ந்து உட்காருவாரே, அதே கதைதான்.

மோசடிக்காரர்களுக்கும் இது தெரியும். அந்தப் பகுதியை இழைத்துவிட்டுப் புது நம்பர் அடிப்பார்கள். ஆனால் தொழிற்சாலை இயந்திரம் முன்னிருந்து பின்னாக மெல்லிய இணைகோடுகளை விட்டுச் செல்லும். இழைத்தால் அவை போய்விடும். நிபுணர்கள் தேடுவது அந்தக் கோடுகளைத்தான். அதே சமயம், நியாயமான மராமத்தில் பிளாக்கின் மேல்பரப்பை இழைத்தாலும் நம்பர் அழிந்துவிடும். ஆகவே நம்பர் இல்லை என்பதாலேயே உரிமையாளர் திருடர் ஆகிவிட மாட்டார்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது 'சிஇ' என்ற இரண்டு எழுத்துகள். 1960-களின் கடைசியிலிருந்து, வாரன்டியில் மாற்றிக் கொடுத்த இன்ஜின்களில் செவ்ரோலே அடித்த முத்திரை அது. "நான் இந்தக் காரோடு பிறந்தவன் இல்லை" என்று இன்ஜினே வாய்திறந்து சொல்கிறது. 1984-ல் வந்த வாகனத் திருட்டுச் சட்டமும் இதே வழியில்தான் போனது. அதிகம் திருடுபோகும் கார் வகைகளின் இன்ஜின், கியர்பாக்ஸ் முதலிய பாகங்களில் அடையாள எண் வேண்டும், மாற்றுப் பாகமாக இருந்தால் கம்பெனியின் முத்திரையோடு 'ஆர்' என்ற எழுத்து வேண்டும் என்றது. எண்ணை அழித்து மாற்றுவதும் அப்போதுதான் மத்தியக் குற்றமானது.

நம்மூர் ஆர்.சி.யிலும் சேஸிஸ் நம்பரோடு இன்ஜின் நம்பர் இருக்கிறது. 1988 மோட்டார் வாகனச் சட்டப்படி இன்ஜினை மாற்றினால் ஆர்.டி.ஓ.விடம் சொல்லிப் பதிய வேண்டும். வெறும் சம்பிரதாயம் என்று நினைக்க வேண்டாம். மாட்டிய இன்ஜின் திருட்டு வண்டியிலிருந்து வந்ததாக இருந்தால், நிஜமாகவே காசு கொடுத்து வாங்கிய அப்பாவி போலீஸுக்குப் பதில் சொல்ல வேண்டி வரும்.

இன்ஜினை மாற்றுவது குற்றமில்லை. பழுதானால் மாற்றத்தான் வேண்டும். மாற்றியதை மறைப்பதுதான் குற்றம். அக்கர்லாஃப் சொன்ன நோய்க்கு மருந்தும் அதிலேயே இருக்கிறது. விற்பவனுக்குத் தெரிந்தது வாங்குபவனுக்கும் தெரிந்துவிட்டால் எலுமிச்சை எலுமிச்சை விலைக்குப் போகும், மாம்பழம் மாம்பழ விலைக்குப் போகும். அதற்கு ஒரு டார்ச் லைட்டும், கொஞ்சம் மண்ணெண்ணெய் நனைத்த துணியும், நம்பரை ஆர்.சி.யோடு ஒத்துப் பார்க்கும் பொறுமையும் போதும்.