ஓங்கரிப்பும் ஔஷதமும்

வைத்திய சரித்திரம் எழுதப் புகுவோர், நோயை வென்ற மருந்தின் பெயரையும் அதனைக் கண்டவர் பெயரையும் ஆண்டையும் பொறித்துவிட்டு அப்பால் நகர்ந்துவிடுவதே வழக்கம். அம்மருந்தை ஏற்றுக்கொண்டவர் அன்றிரவை எவ்வாறு கழித்தார் என்பது அவர்களுடைய ஏட்டில் இடம்பெறுவது அபூர்வம். இன்று ஆஸ்பத்திரி வராந்தாவிலும் வீட்டுக் கூடத்திலும் ‘கீமோ’ என்று சுருக்கமாக வழங்குகிற புற்றுநோய் ரசாயன சிகிச்சையின் வரலாற்றில் இக்குறை மற்ற இடங்களைவிடப் பெரிதாகவே தென்படுகிறது. அச்சிகிச்சை தோன்றி ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் வரையில், அதனோடு கூடப்பிறந்த குமட்டலையும் வாந்தியையும் அடக்கத்தக்க மருந்து உருப்படியாக ஒன்றும் இல்லை என்பதும், அப்படி ஒன்று வேண்டுமே என்று மருத்துவ உலகம் அவ்வளவாக அவசரப்படவும் இல்லை என்பதும் இக்காலத்தவர் பலர் அறியாத சங்கதிகள்.

சிகிச்சையின் பிறப்பே யுத்தத்தின் நச்சுப் பண்டசாலையில்தான். 1942-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், லூயி குட்மன், ஆல்ஃபிரட் கில்மன் என்ற இரு மருந்தியல் அறிஞர்கள், போர்க்களத்துக்கென்று ஆராயப்பட்டுவந்த நைட்ரஜன் மஸ்டர்ட் என்னும் நச்சுப்பொருள் நிணக்கட்டிகளைக் கரைப்பதைப் பிராணிகளிடத்தில் கண்டறிந்து, அதே கட்டிகளால் கழுத்தும் மார்பும் அடைபட்டு மரணத் தறுவாயில் கிடந்த ஒரு நோயாளிக்கு அதனை இரத்தக்குழாய் வழியே செலுத்துமாறு செய்தார்கள். கட்டிகள் கரைந்தன, பின்னர் மீண்டும் வளர்ந்தன. யுத்த ரகசியமாகையால் 1946 வரையில் செய்தி வெளிவரவில்லை. மருந்து உள்ளே போன சில மணி நேரத்துக்குள் நோயாளிகள் குடலே வெளிவருமாறு ஓங்கரித்ததை வைத்தியர்கள் பார்க்காமலில்லை. பார்த்தார்கள், குறித்துக்கொண்டார்கள், அவ்வளவே. சாவை ஒரு மாதமாவது தள்ளிப்போடும் பொருளுக்கு இந்த உபத்திரவம் ஒரு பொருட்டா என்பது அக்காலத்து அபிப்பிராயம். அவர்களைக் கல்நெஞ்சர் என்று இன்று நாம் சொல்வது நியாயமாகாது. சிகிச்சையே பலிக்குமா என்ற சந்தேகத்தில் மூழ்கியிருந்தவர்களுக்கு, சிகிச்சையின் தொல்லையைப் பற்றி யோசிக்க மனம் ஓடவில்லை.

இரண்டாவது மருந்து வகையில் நம் சென்னைக்கும் ஒரு பாத்தியதை உண்டு. ஃபோலிக் அமிலத்தின் செயலைத் தடுக்கும் அமினாப்டெரின் என்ற மருந்தைக் கொண்டு பாஸ்டன் நகரத்து சிட்னி ஃபார்பர், இரத்தப் புற்று கண்ட 16 குழந்தைகளுக்குச் சிகிச்சை செய்து, அவர்களில் 10 பேருக்கு நோய் தற்காலிகமாகத் தணிந்ததை 1948-இல் வெளியிட்டார். அந்த மருந்தைத் தயாரித்துக் கொடுத்த லெடர்லி ஆராய்ச்சிக் கூடத்தின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் அங்கி அணிந்து வந்ததால் அறுவைச் சிகிச்சைப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல் அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியேறியவர் என்பர். கடல் கடந்து போகுமுன் சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் உடற்கூறு போதித்திருக்கிறார். ஃபார்பரின் வெற்றி அச்சேறிய அதே ஆண்டில் சுப்பாராவ் காலமானார். அவர் வழிவந்த மருந்துகள் வயிற்றைப் புரட்டுவதைக் காட்டிலும் வாய்ப்புண்ணையே மிகுதியாக உண்டாக்கின. ஆதலால் நம் கதைக்கு அவை பக்கக் கிளையே.

இதற்கிடையில், வாந்தி என்பது உடலில் எங்கே கட்டளையாகிறது என்ற கேள்வியை வேறு சிலர், புற்றுநோயைப் பற்றிய நினைப்பே இல்லாமல், ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாங், போரிசன் என்ற இருவர் 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நாய்களைக் கொண்டு செய்த சோதனைகள் இத்துறைக்கு அஸ்திவாரம். முகுளத்தின் மேற்புறத்தில், நான்காவது மூளையறையின் தரையில், இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையேயுள்ள தடுப்பு இல்லாத ஒரு சிறு இடம் இருக்கிறது. அதை எடுத்துவிட்டால், இரத்தத்தில் கலந்து வாந்தியைத் தூண்டும் அபோமார்ஃபின் பலிக்கவில்லை. ஆனால் மயில்துத்தத்தை வாயால் விழுங்கச் செய்தால் நாய் வாந்தியெடுக்கத்தான் செய்தது. ஆகவே வாந்திக்கு வாயில் இரண்டு: இரத்தத்தின் விஷத்தை முகர்ந்தறியும் மூளையின் காவல் ஒன்று, வயிற்றிலிருந்து நரம்பு வழியாகப் போகும் முறையீடு மற்றொன்று. இந்த இரண்டாவது வாயிலை அடுத்த முப்பது ஆண்டுகள் பெரும்பாலோர் மறந்துவிட்டதுதான் இச்சரித்திரத்தின் விசித்திரம்.

முதல் வாயிலை அடைக்கும் மருந்து தற்செயலாக வந்து சேர்ந்தது. 1950-இன் இறுதியில் பிரான்ஸில் உருவான குளோர்ப்ரோமசின், பித்தம் தலைக்கேறியவரைச் சாந்தப்படுத்தப் புகழ்பெற்றதென்றாலும், டோபமைன் என்னும் மூளை ரசாயனத்தின் வேலையைத் தடுப்பதன் மூலம் வாந்தியையும் ஓரளவு அடக்கியது. அதன் உறவினமாகிய ப்ரோக்ளோர்பெரசின், நம் மருந்துக் கடைகளில் ஸ்டெமெட்டில் என்ற பெயரால் அறியப்படுவது, இருபதாண்டு காலம் கீமோ நோயாளிகளின் பிரதான புகலிடமாக இருந்தது. சாதாரண மருந்துகளுக்கு அது போதியதாயிருக்கலாம். அடுத்து வந்த ஒன்றுக்கு அது ஈடுகொடுக்க முடியவில்லை.

அடுத்து வந்தது சிஸ்பிளாட்டின். 19-ஆம் நூற்றாண்டிலேயே பெய்ரோனே என்ற இத்தாலிய ரசாயனி செய்து வைத்திருந்த பிளாட்டினச் சேர்மம் அது. 1965-இல் மிச்சிகனில் பார்னெட் ரோசன்பர்க், மின்புலத்தில் பாக்டீரியாக்கள் பிளவுபடாமல் நீண்டு வளர்வதைக் கண்டு, காரணம் மின்சாரமன்று, மின்வாயிலிருந்து கரைந்த பிளாட்டினமே என்று துப்பறிந்தார். 1974-இல் இந்தியானாவில் லாரன்ஸ் ஐன்ஹார்ன் அதனை வேறிரு மருந்துகளோடு சேர்த்து, உடலெங்கும் பரவிவிட்ட விரைப் புற்றுள்ள இளைஞர்களுக்குப் பிரயோகித்தபோது, அதுவரையில் பத்தில் ஒருவர் பிழைப்பதே அரிதென்றிருந்த வியாதியில் பாதிக்கு மேற்பட்டோர் முற்றிலும் குணமானார்கள். இவ்வளவு பெரிய வெற்றியை ரசாயன சிகிச்சை அதற்கு முன் வயதுவந்தோரின் புற்றுக்கட்டியில் கண்டது அபூர்வம். ஆனால் தடுப்பு மருந்து இல்லாமல் அதனைச் செலுத்திக்கொண்டால் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டோர் வாந்தியெடுப்பார்கள். ஒரு முறை இரு முறையல்ல, ஒரே நாளில் பத்துப் பதினைந்து முறை. நோயாளியை ஆஸ்பத்திரியில் தங்கவைத்து, கட்டிலருகே கிட்னி டிரேயை வைத்து, தூக்க மருந்தைக் கொடுத்து அரை மயக்கத்தில் ஆழ்த்தி, அந்த நாளை அவர் நினைவிலிருந்தே அழித்துவிட முயல்வதுதான் அக்காலத்துச் சிகிச்சை. குணமாகும் வாய்ப்புடைய இளைஞர்கள், மூன்றாம் நான்காம் சுற்றுக்கு வர மறுத்து வீட்டோடு நின்றுவிடும் நிலை உண்டாயிற்று. சாவை ஒத்திப்போடும் மருந்துக்குக் கூலியாகச் சகிக்கப்பட்ட வாந்தி, உயிரைக் காக்கும் மருந்துக்கே எதிரியாக வந்து நின்றதும்தான், ஆராய்ச்சியாளர் அதன் பக்கம் திரும்பினார்கள். வேதனை மட்டுமே இருந்தவரையில் திரும்பவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

வைத்தியர்களுக்கு முன்பே நோயாளிகள் ஒரு வழி கண்டிருந்தார்கள். கஞ்சா புகைத்துவிட்டு வந்தால் வயிறு புரட்டுவதில்லை என்று பாஸ்டனில் சில இளம் நோயாளிகள் சொன்னதை அலட்சியம் செய்யாமல், ஸ்டீஃபன் சாலனும் அவருடைய சகாக்களும் கஞ்சாவின் சத்தாகிய டி.எச்.சி.யை முறைப்படி சோதித்து 1975-இல் முடிவை வெளியிட்டார்கள். போலி மருந்தைவிட அது மேலென்று தெரிந்தது. 1978-இல் நியூ மெக்சிகோ மாகாணம் இதற்கென்று சட்டமே இயற்றியது. 1985-இல் அமெரிக்க அரசு அந்தச் சத்தின் மாத்திரை வடிவை அனுமதித்தது. ஆயினும் தலைச்சுற்றலும் மனப்பிராந்தியும் வயது முதிர்ந்தோரை மிரட்டியபடியால் அது பொது மருந்தாகவில்லை.

1981-இல் இரண்டு காரியங்கள் நடந்தன. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு வாந்தியைத் தணிக்கிறதென்று அரிசோனாவிலிருந்து செய்தி வந்தது; எப்படித் தணிக்கிறது என்பது இன்றளவும் முழுதாக விளங்கவில்லை, ஆனாலும் அது ஒவ்வொரு சீட்டிலும் எழுதப்படுகிறது. மற்றொன்று, நியூயார்க்கில் ரிச்சர்ட் கிராலா செய்த துணிகரம். நாம் பெரினார்ம் என்று வாங்குகிற மெட்டோக்ளோப்ரமைடு, வழக்கமான 10 மில்லிகிராம் அளவில் சிஸ்பிளாட்டினுக்கு முன் செயலற்றுப் போயிற்று. அவர் அதை உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் 2 மில்லிகிராம் வீதம் பலமுறை செலுத்தி, வாந்தி வெகுவாகக் குறைவதை நிரூபித்தார். சில இளைஞர்களுக்குத் தாடை இழுத்துக்கொண்டது, கழுத்து கோணிற்று. ஆனால் அப்பலனில் ஒரு புதிர் இருந்தது. டோபமைனைத் தடுக்கும் வேறு வலிய மருந்துகள் இவ்வளவு செய்யவில்லையே; அப்படியானால் இந்தப் பெரிய அளவில் மெட்டோக்ளோப்ரமைடு அடைப்பது எந்தக் கதவை?

கதவு குடலில் இருந்தது. உடலிலுள்ள செரட்டோனின் என்ற ரசாயனத்தில் பெரும்பகுதி குடற்சுவரின் சில உயிரணுக்களில் அடங்கியிருக்கிறது. கீமோ மருந்து அவ்வணுக்களைத் தாக்கவே செரட்டோனின் சிதறி, அருகிலுள்ள வேகஸ் நரம்பின் நுனிகளைத் தீண்டி, மூளைக்குச் செய்தி அனுப்புகிறது. நாய்கள் சொல்லி மறந்துபோன அந்த இரண்டாம் வாயிலே இது. எலி வாந்தியெடுக்க இயலாத பிராணி. ஆதலால் ஆராய்ச்சிக் கூடங்கள் நீண்ட மெல்லிய உடலுடைய ஃபெரட் என்னும் பிராணியை நாடின. 1986-இல் மைனர், சாங்கர் என்ற பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர், செரட்டோனினின் மூன்றாம் வகை ஏற்பியை மட்டும் அடைக்கும் பொருளைக் கொடுத்து, சிஸ்பிளாட்டின் செலுத்திய ஃபெரட்டுகள் வாந்தியெடுக்காதிருப்பதைக் காட்டினர். கிளாக்ஸோ கம்பெனி அவ்வகையில் உருவாக்கிய ஒண்டான்செட்ரான் 1990-இல் பிரிட்டனிலும் 1991 தொடக்கத்தில் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. கட்டிலில் மயங்கிக் கிடந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து மருந்து ஏற்றிக்கொண்டு அன்று மாலையே வீடு திரும்பும் காலம் அதனால்தான் பிறந்தது. விலை முதலில் கடுமை. பொருளுக்கன்றிச் செய்முறைக்கே காப்புரிமை என்றிருந்த நம் நாட்டுச் சட்டத்தின் தயவால், இந்தியக் கம்பெனிகள் வேறு வழியில் அதனைச் செய்து மலிவாகத் தந்தன. எமிசெட் என்ற அதன் வணிகப் பெயரை அறியாத மருந்துக் கடை இன்று தமிழ்நாட்டில் இராது.

எனினும் இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் வீட்டில் வந்து பிடிக்கும் வாந்தி ஒண்டான்செட்ரானுக்கு அவ்வளவாக மசியவில்லை. அதற்குக் காரணமான சப்ஸ்டன்ஸ் பி என்ற பொருளை 1931-லேயே உல்ஃப் ஃபான் ஆய்லரும் ஜான் காடமும் கண்டெடுத்திருந்தார்கள். அதனைத் தடுக்கும் அப்ரெபிடன்ட் 2003-இல்தான் வந்தது.

இனி நான் வற்புறுத்த விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். 1983-இல் சிட்னியில் ஆலன் கோட்ஸும் அவருடைய சகாக்களும் 99 நோயாளிகளிடம், சிகிச்சையில் உங்களை மிகவும் வாட்டுவது எது என்று வரிசைப்படுத்தச் சொன்னபோது, முதலில் வாந்தி, அடுத்து குமட்டல், மூன்றாவதாக முடி உதிர்தல் என்று விடை வந்தது. சாவின் பயத்தையோ செலவையோ முதலில் வைப்பார்கள் என்று எண்ணியவர்க்கு அது ஆச்சரியம். புதிய மருந்துகள் வந்தபின் அதே நகரில் மறுபடி கேட்டு 1996-இல் வெளியிட்ட விடையில் வாந்தி ஐந்தாம் இடத்துக்கு இறங்கியிருந்தது, முதலிடத்தில் குமட்டல். வாந்தியை நர்ஸ் எண்ணலாம், நேரம் குறிக்கலாம், ஃபெரட்டிடமும் பார்க்கலாம். குமட்டலை அனுபவிப்பவர் வாய்விட்டுச் சொன்னாலொழிய எவருக்கும் தெரியாது. எண்ணக்கூடியதை வைத்தியம் வென்றது. சொல்லக் கேட்க வேண்டியதில் பின்தங்கிற்று.

குமட்டலின் பிடிவாதத்துக்கு மனமும் ஒரு காரணம். முன்சுற்றுகளில் துன்பப்பட்டவர், ஆஸ்பத்திரி வாசலின் நெடி மூக்கில் பட்டதுமே, மருந்து ஏறுவதற்கு முன்பே ஓங்கரிக்கத் தொடங்குவார். பாவ்லோவின் நாய்கள் மணியோசைக்கு உமிழ்நீர் சுரந்த அதே நியதிதான். அமெரிக்காவில் கேரி மாரோ 1982-இல், படிப்படியாக உடலைத் தளர்த்திப் பழக்கும் முறையால் இதனைக் குறைக்கலாமென்று காட்டினார். ஒருமுறை பழகிவிட்ட குமட்டலுக்கு மாத்திரை அதிகம் உதவாது. ஆகையால் முதற் சுற்றிலேயே தடுத்துவிடுவதே உத்தமம் என்பது இன்று ஒப்புக்கொள்ளப்பட்ட கொள்கை. இளவயதினருக்கும், பெண்களுக்கும், மசக்கையிலோ பஸ் பயணத்திலோ அவதிப்பட்டவர்களுக்கும் தொல்லை மிகுதி. நெடுநாள் மது அருந்தியவர்களுக்கு அது குறைவு என்பது, நல்லொழுக்கத்துக்குச் சற்றே அநியாயமாகப் படினும், பலமுறை கண்ட உண்மை. நம் பாட்டிமார் நம்பிய இஞ்சியையும் விடவில்லை. 576 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்து 2012-இல் வெளியான சோதனையில் அரை முதல் ஒரு கிராம் வரை இஞ்சிச் சத்து முதல் நாள் குமட்டலைத் தணித்தது, ஆனால் பின்வந்த சோதனைகள் யாவும் அதனை உறுதிப்படுத்தவில்லை. வழக்கமான மருந்துக்குத் துணையாக அன்றி, பதிலாக அதனை நம்பியிருப்பது தவறு.

குமட்டலுக்கு ஓரளவேனும் ஈடுகொடுத்தது மீண்டும் ஒரு மனநோய் மருந்தே. ஒலான்சபினை மற்ற மூன்று மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்த சோதனையின் முடிவு 2016-இல் வந்தது. 380 பேரில், முதல் நாள் குமட்டலே இல்லாதவர் ஒலான்சபின் பெற்றவருள் நூற்றுக்கு 74, பெறாதவருள் 45; ஐந்து நாளையும் சேர்த்துப் பார்த்தாலோ 37-ம் 22-மே. மிச்சமுள்ளோர் ஏதோ ஒரு நாளில், ஏதோ ஓர் அளவில் புரட்டலை அனுபவித்தவர்களே. அத்துடன் 10 மில்லிகிராம் அளவு பகலிலும் தூங்கிவிழச் செய்தது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் அதே மருந்தை 2.5 மில்லிகிராமாகக் குறைத்துச் சோதித்து, பலன் குன்றாமல் தூக்கம் குறைவதை 2024-இல் வெளியிட்டார்கள். நோயாளியை மயக்கத்தில் ஆழ்த்துவதே வழியென்றிருந்த காலத்துக்கும் இதற்கும் இடையே ஐம்பது ஆண்டுகள் சென்றிருக்கின்றன.