புதிய அடுப்பில் குறையா? முதல் ஆறு மாதங்களில் நிரூபிக்க வேண்டியவர் கடைக்காரர்

ஃபேரர் பார்க் வட்டாரத்தில் புது வீட்டுக்குக் குடிபோகும் குடும்பங்கள் பால் காய்ச்சும் நாளுக்குள் எப்படியும் ஓர் அடுப்பை வாங்கிவிடுகின்றன. சிராங்கூன் சாலைக் கடைகளும் சையது ஆல்வி சாலைக் கடைகளும் நடந்து போகும் தூரம்தான். பால் பொங்கும் அன்று எல்லாம் ஒழுங்காக இருக்கும். மூன்றாவது வாரத்தில் ஒரு பர்னரில் சுடர் ஒருபக்கமாகச் சாயும், திருகு பாதியில் இறுகிக்கொள்ளும். கடைக்குப் போனால் ரசீதின் அடியில் இருக்கும் வரியைக் காட்டுவார்கள்: விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது. பலர் அதோடு வீடு திரும்பிவிடுகிறார்கள்.

பாட்டி காலத்து விறகடுப்பு என்றால் வெடிப்பில் களிமண் பூசி, சாணம் மெழுகி, மறுநாள் மூட்டிவிடலாம். எரிவாயு அடுப்பில் அப்படிக் கைவைக்க முடியாது, கைவைக்கவும் கூடாது. ஆகவே விற்றவரிடம்தான் போக வேண்டும். அதற்கு ஒரு சட்டம் இருக்கிறது.

2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள அந்த ஏற்பாட்டை ‘லெமன் சட்டம்’ என்கிறார்கள். வாங்கிய கொஞ்ச நாளில் மக்கர் பண்ணும் காரை அமெரிக்கர்கள் ‘லெமன்’ என்று சொல்வதிலிருந்து வந்த பெயர். சிங்கப்பூரில் இது தனிச் சட்டமன்று, பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக) சட்டத்தின் ஒரு பகுதி. காருக்கு மட்டுமல்ல, அடுப்பு, மாவரைக்கும் கிரைண்டர், கைப்பேசி என வீட்டுக்கு வாங்கும் பொருள்களுக்கும் பொருந்தும்.

இச்சட்டத்தில் நாம் நினைவில் வைக்க வேண்டியது ஆறு மாதக் கணக்கு. பொருள் கைக்கு வந்து ஆறு மாதத்திற்குள் குறை தெரியவந்தால், அது விற்கும்போதே இருந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. அப்படியில்லை என்று காட்டுவது கடைக்காரரின் பொறுப்பு. ஆறு மாதம் கழிந்தால் உரிமை போய்விடாது, ஆனால் குறை தொடக்கத்திலேயே இருந்தது என்று நாம் நிரூபிக்க வேண்டும். இல்லத்தரசி ஒருவர் பர்னரின் வார்ப்புப் பிழையை எப்படி நிரூபிப்பார்? அதனால்தான் ‘தீபாவளி முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடக்கூடாது.

ரசீதில் உள்ள அந்த வரி இந்த உரிமையை அழிக்காது. நிறம் பிடிக்கவில்லை, மேடையில் இடம் போதவில்லை என்று மனம் மாறித் திருப்பித் தருவதற்குத்தான் கடைக்காரர் மறுப்புச் சொல்லலாம்.

எடுத்த எடுப்பில் பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். முதலில் பழுதுபார்த்துத் தரும்படியோ மாற்றித் தரும்படியோ கேட்க வேண்டும். இரண்டில் ஒன்று மற்றதைவிட அளவுக்கு மீறிய செலவு வைக்கும் என்றால் கடைக்காரர் அதை மறுக்கலாம். ஒரு திருகு மட்டும் கெட்டிருக்க முழு அடுப்பையும் மாற்றச் சொல்வது எடுபடாது. எதைச் செய்தாலும் நியாயமான காலத்திற்குள், நமக்குப் பெரிய தொந்தரவு இல்லாமல் செய்ய வேண்டும். உதிரிப்பாகம், கூலி, அனுப்பும் செலவு எல்லாம் அவருடையது. இது நடக்காதபோதுதான் விலையைக் குறைக்கச் சொல்லவோ அடுப்பைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கவோ முடியும். அதுவரை பயன்படுத்திய காலத்திற்காக ஒரு தொகை கழிக்கப்படலாம்.

நியாயமான காலம் எத்தனை நாள் என்று சட்டம் எண் போட்டுச் சொல்லவில்லை. மூன்று வேளையும் சமைக்கும் வீட்டில் அடுப்பு இல்லாமல் ஒரு மாதம் என்பது நியாயமில்லை என்பது என் கருத்து. அதை எழுத்தில் கேட்டு வைப்பது நல்லது.

‘தயாரிப்பாளரிடம் போங்கள், உத்தரவாத அட்டையில் எண் இருக்கிறது’ என்று கைகழுவும் கடைகளும் உண்டு. உத்தரவாதம் கூடுதல் வசதி, அவ்வளவுதான். நாம் பணம் கொடுத்தது கடைக்கு, பொறுப்பும் கடைக்கே.

சண்டைக்குப் போகுமுன் ஒன்றைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். இங்குள்ள வீடுகளில் இரண்டு வகை எரிவாயு புழங்குகிறது: குழாய்வழி வருவது ஒன்று, கலனில் வருவது இன்னொன்று. குழாய் எரிவாயுவில் ஹைட்ரஜன் அதிகம். இப்போது அது செனோக்கோவில் தயாராகிறது. 1862 முதல் 1998 வரை ஃபேரர் பார்க்கிலிருந்து சற்றே தள்ளியிருந்த காலாங் எரிவாயு ஆலையிலிருந்து வந்தது. அந்த வட்டாரத்தை ஹொக்கியன் பேசுவோர் நெருப்பு நகர் என்றே அழைத்தார்கள். குழாய் எரிவாயுவுக்கு, அதே அளவு கலன் எரிவாயுவைவிட வெப்பம் குறைவு. ஆகவே அதற்கான அடுப்பில் வாயு வெளிவரும் துளை பெரிதாக இருக்கும். கலனுக்கான அடுப்பைக் குழாயில் இணைத்தால் சுடர் சோர்ந்து நிற்கும். குழாய்க்கான அடுப்பைக் கலனில் இணைத்தால் சுடர் மஞ்சளாக ஓங்கி எழுந்து பாத்திரத்தில் கரி படியும், ஆபத்தும்கூட. வீட்டில் என்ன எரிவாயு என்று நீங்கள் சொல்லியும் கடை வேறு வகையைக் கொடுத்திருந்தால் பொறுப்பு கடையுடையது. நீங்களே தவறாக எடுத்திருந்தால் அது குறையுள்ள பொருள் ஆகாது. துளையை மாற்றும் வேலையை எரிசக்திச் சந்தை ஆணையத்தின் உரிமம் பெற்ற எரிவாயுப் பணியாளரிடம் விட்டுவிடுங்கள்.

மூக்கில் வாடை பட்டால் சட்டமெல்லாம் பிறகு. வால்வை மூடி, சன்னல்களைத் திறந்து, மின்விசையைத் தொடாமல் வெளியே வாருங்கள். கலன் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். கசிவைத் தேட சோப்பு நுரை போதும், தீக்குச்சி கூடவே கூடாது.

வாங்கும்போதே பார்க்க வேண்டியது பாதுகாப்பு முத்திரை. கட்டுப்படுத்தப்பட்ட 33 வகை வீட்டுப் பொருள்களில் எரிவாயு அடுப்பும் ஒன்று. பதிவு செய்யாமல் அதை இங்கே விற்க முடியாது. முத்திரையோடு இருக்கும் எட்டு இலக்க எண்ணைக் கொண்டு எந்த மாடல், யார் பதிவு செய்தார்கள் என்று கண்டுபிடிக்கலாம். முத்திரை இல்லாத அடுப்பு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

குறை தெரிந்ததும் அடுப்பைத் துடைத்துப் பளபளப்பாக்கிவிடாதீர்கள். சாயும் சுடரைக் கைப்பேசியில் காணொளியாக எடுங்கள். மாடல் எண், முத்திரை, ரசீது மூன்றையும் படமெடுங்கள். சாயம் மங்கும் ரசீதுத் தாள் ஆறு மாதத்தில் வெற்றுத்தாளாகிவிடும். கடைக்காரரிடம் வாயால் சொன்னாலும் அன்றே வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பி வையுங்கள்: எந்தத் தேதியில் வாங்கியது, என்ன குறை, என்ன வேண்டும்.

அதிகம் தகராறு வருவது கண்ணாடி மேற்பரப்பு வெடிக்கும்போது. கனமான குண்டானை வைத்தீர்கள், ஈரத்துணியால் துடைத்தீர்கள் என்று கடைக்காரர் சொல்வார். வாங்கியவரே உடைத்தது என்று அவர் காட்டிவிட்டால் சட்டம் உதவாது. ஆனால் பதப்படுத்திய கண்ணாடி, உள்ளே சிக்கிய நுண்துகளாலோ விளிம்பில் ஏற்கெனவே பட்ட அடியாலோ தானாகவும் உடையும். நாம் தவறாகப் பயன்படுத்தியதால்தான் உடைந்தது என்பதை ஆறு மாதத்திற்குள் அவர்தான் காட்ட வேண்டும். சில்லுகளைக் கொட்டுமுன் படமெடுத்து வையுங்கள்.

கடை மசியவில்லை என்றால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். ‘கேஸ்’ என்று சுருக்கி அழைக்கப்படும் சங்கம் இது. (தமிழில் எழுதினால் அடுப்புக் கேஸும் இந்தக் கேஸும் ஒன்றாகிவிடுகின்றன!) அது கடைக்கு எழுதும், சமரசம் பேசும், ஆனால் கட்டாயப்படுத்த முடியாது.

அதற்கு அடுத்த படி சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. இருதரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வெள்ளி வரை. பிரச்சினை எழுந்து ஈராண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும், இணையத்திலேயே செய்யலாம். 5,000 வெள்ளிக்கு மேற்படாத கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டும் கட்டணம் 10 வெள்ளி. வழக்கறிஞர்கள் வாதாட அங்கே இடமில்லை என்பதால் கடையும் நம்மைப் போலவே நேரில் வந்துதான் பேச வேண்டும்.

எல்லாருக்கும் இந்த வழி திறந்திருக்கவில்லை. தேக்காவிலோ பெக் கியோ சந்தையிலோ கடை நடத்துபவர் தொழிலுக்காக வாங்கிய அடுப்புக்கு லெமன் சட்டம் பொருந்தாது. அவர் பொருள் விற்பனைச் சட்டத்தின்கீழ் அதே நடுவர் மன்றத்திற்குப் போகலாம். பழைய அடுப்பைக் கடையில் வாங்கினால் சட்டம் உண்டு, ஆனால் வயதுக்கும் விலைக்கும் ஏற்ற தரத்தைத்தான் எதிர்பார்க்கலாம். இணையத்தில் ஒரு தனிநபரிடம் வாங்கினால் இல்லை. சென்னையிலிருந்து பெட்டியில் கட்டிக் கொண்டுவந்த அடுப்புக்கு இங்கே விற்பனையாளரே இல்லை. கலனுக்கென்று செய்த அது குழாய் எரிவாயுவில் சரியாக எரியவும் எரியாது.

வீட்டில் வயதான அம்மாவோ அப்பாவோ தங்கள் பெயரில் வாங்கியிருந்தால், மன்றத்தில் பேசத் தயங்கி விட்டுவிடுவதுண்டு. முதுமை, எழுத்தறிவின்மை, உடல்நலக் குறைவு காரணமாக வாதத்தை எடுத்துவைக்க முடியாதவருக்காக, அவர் எழுதிக் கொடுத்த ஒப்புதலுடன் வேறொருவர் பேச மன்றம் அனுமதிக்கலாம். அந்தக் கடிதத்தை மனுவோடு எடுத்துச் செல்லுங்கள்.