திறப்பு யாரிடம் இருந்தது?

அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை பொன்னம்பலவாணேஸ்வரர், செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார். கொழும்பு கொட்டாஞ்சேனையில் இது ஒரு புதினமே இல்லை. அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்துகிறவர்களில் சைவரும் உண்டு, சிங்கள பௌத்தரும் உண்டு. அதனால் 1983 ஜூலை 25, திங்கட்கிழமை மத்தியானம், மாற்றுடுப்புக்கூட எடுக்காமல் எங்கள் பங்குக் கோயில் வளவுக்குள் ஓடிப்போனபோது, யாரோ பிறத்தியாரின் வீட்டுக்குள் நுழைகிறோம் என்று எனக்குத் தோன்றவில்லை. எனக்குப் பதின்மூன்று வயது.

கோயிலின் பெயரை எழுதப்போவதில்லை. அன்று எங்களைத் துரத்தியவர்களும், எங்களுக்குக் கதவு திறந்தவரின் பிள்ளைகளும் இன்றைக்கும் அதே தெருக்களில்தான் குடியிருக்கிறார்கள்.

முதல் நாள் இரவு பொரளை கனத்தை மயானத்தில் தொடங்கிய தீ அது. யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் கொல்லப்பட்ட பதின்மூன்று படையினரின் உடல்களுக்காகக் கூடிய கூட்டம், உடல்கள் வராமலே கலைந்தது. கலைந்த கையோடு தமிழரின் கடைகளையும் வீடுகளையும் கொளுத்தத் தொடங்கியது. திங்கட்கிழமை விடிந்தபோது வெள்ளவத்தையும் எரிந்தது, புறக்கோட்டையும் எரிந்தது. வந்தவர்களின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. எந்த இலக்கம் தமிழ் வீடு, எந்த இலக்கத்தை விட்டுவிட வேண்டும் என்று பார்த்துப் பார்த்து வந்தார்கள். எங்கள் வரிசையில் மூன்று வீடுகளைத் தாண்டி நாலாவதற்குள் புகுந்தார்கள்.

கோயிலுக்குள்ளும் ஒரு பட்டியல் தயாரானது. பங்குச் சுவாமியார் சிங்களவர். பாடசாலை அப்பியாசக் கொப்பி ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் இருந்தார். எங்கள் முறை வந்ததும் அம்மா முந்திக்கொண்டு, "சுவாமி, நாங்கள் சைவம்" என்றார். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தனக்குத் தெரிந்த தமிழில், "பால் குடிக்கிற பிள்ளை எத்தனை?" என்று மட்டும் கேட்டார். கொப்பியில் மூன்று நிரல்கள்: பெயர், ஆட்கள், பால்மா. சமயத்துக்கு நிரல் கிடையாது. தெருவில் ஒரு பெயர்ப்பட்டியல் ஆளைக் கொல்லப் பயன்பட்டுக்கொண்டிருந்த அதே மணித்தியாலத்தில், மதிலுக்கு இந்தப் பக்கம் இன்னொரு பெயர்ப்பட்டியல் எழுதப்பட்டது. அகதிமுகாம் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கொப்பிதான்.

கோயிலுக்குள் வாழ்வது என்றால் என்ன என்பதையும் சொல்லவேண்டும். வாங்குகள் இரண்டை முகத்துக்கு முகம் இழுத்துப் போட்டால் நடுவில் இரண்டு பிள்ளைகள் விழாமல் படுக்கலாம். பாவசங்கீர்த்தனக் கூடு பெண்கள் உடை மாற்றும் அறையானது. ஒரு கிணறு, பக்கத்துப் பாடசாலையின் கக்கூசுகள் நாலு. அவற்றுக்கு விடியப்புறம் மூன்று மணிக்கே வரிசை. ஊரடங்கு தளர்ந்த நேரங்களில் பங்குச் சனங்கள் பாணும் பருப்பும் கொண்டுவந்தார்கள். பெரும்பாலும் சிங்களப் பெண்கள். அவர்களில் ஒருவர் எங்கள் பக்கம் வரும்போது மட்டும் தலையைக் குனிந்துகொள்வார். ஏன் என்று பிறகு தெரிந்தது: அவருடைய மகன் தெருவில் நின்றவன். தாய் உள்ளே பருப்புப் பரிமாறினார், மகன் வெளியே கூட்டத்தோடு. கொழும்புக் கோயில்களின் அடைக்கலத்தைப் பற்றி எழுதும்போது இதை விட்டுவிட்டால் அது பாதிக் கதைதான்.

ஏன் கத்தோலிக்கக் கோயில்? அன்று அடைக்கலம் தந்தவை கத்தோலிக்கக் கோயில்கள் மட்டுமல்ல. பம்பலப்பிட்டி கதிரேசன் கோயிலும் சரஸ்வதி மண்டபமும் நிரம்பின. பாடசாலைகள் நிரம்பின. இரத்மலானை விமான நிலையத்தின் கொட்டகைக்குள் ஆயிரக்கணக்கானோர் சீமெந்துத் தரையில் கிடந்தார்கள். சிங்கள, முஸ்லிம் அயலவர்கள் அலுமாரிக்குப் பின்னால் ஆட்களை ஒளித்துவைத்தார்கள். ஆனால் சைவக் கோயில் என்றால் அது தமிழரின் இடம் என்று கூட்டத்துக்குத் தெரியும். கத்தோலிக்கக் கோயில் அப்படியல்ல. கொழும்பில் சிங்களவனும் தமிழனும் ஒரே கூரையின் கீழ் முழங்காலில் நின்ற இடங்கள் மிகக் குறைவு; அவற்றில் இது ஒன்று. அதைக் கொளுத்தினால் கொளுத்துகிறவன் தன் ஞானஸ்நானத் தொட்டியையும் சேர்த்தே கொளுத்தவேண்டும். எங்களைக் காத்தது மதிலின் உயரமல்ல, இந்தச் சங்கடம்.

இந்தச் சங்கடத்துக்கு ஒரு நீண்ட முன்கதை உண்டு. ஒல்லாந்தர் ஆண்ட காலத்தில் கத்தோலிக்கக் குருமாருக்கு இங்கே தடை. கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகளார் 1687இல் கூலியாளின் கோலத்தில் வந்திறங்கி, யாழ்ப்பாணத்துச் சில்லாலையில் மறைந்திருந்து சமயம் வளர்த்தார். பிறகு அவருக்கு இடம் கொடுத்தவன் பௌத்தனான கண்டி அரசன். கொச்சிக்கடைக் கோயிலின் கதையும் அதே வகை. ஒல்லாந்தருக்கு ஒளித்துத் திரிந்த அந்தோனியோ என்ற குருவானவரை மீனவர்கள் காப்பாற்றினார்கள் என்றும், கடலரிப்பைத் தடுக்க அவர் மணலில் நட்ட சிலுவையே பின்னாளில் கோயிலானது என்றும் சொல்வார்கள். கொழும்பின் மிகப் பெயர்பெற்ற கோயில், ஓடி ஒளிந்த ஓர் ஆளின் நினைவில் தொடங்குகிறது.

ஆனால் ஒளிந்தவன் என்றைக்கும் ஒளிந்தவனாகவே இருப்பதில்லை. 1883 மார்ச் 25, உயிர்த்த ஞாயிறு. மிகெட்டுவத்தை குணானந்த தேரரின் தீபதுத்தாராம விகாரைக்குப் பூசைப்பொருள் ஏற்றிவந்த பௌத்த ஊர்வலத்தை, கொட்டாஞ்சேனை லூசியா கோயிலை அண்டிய தெருவில் கத்தோலிக்கர்கள் வழிமறித்துத் தாக்கினார்கள். ஆட்களைத் திரட்டக் கோயில் மணிகள் அடிக்கப்பட்டன. யாரும் தண்டிக்கப்படவில்லை. பௌத்தர்களின் சார்பில் கர்னல் ஒல்கொட் லண்டன்வரை போய் முறையிட்டார். அதன் பயனாக 1885இல் வெசாக் அரச விடுமுறை ஆனது. எங்கள் வட்டாரத்துக் கலவரங்களில் முதன்முதலில் பெயர்பெற்றதைக் கோயில் மணியே கூப்பிட்டது. சரியாக நூறு வருடம் கழித்து, எங்கள் பங்கில் அந்த ஒரு வாரம் மணியே அடிக்கவில்லை. மணி அடிக்கிறவர், "சனம் இருக்கிறது என்று ஏன் ஊருக்குச் சொல்லுவான்?" என்று கயிற்றைச் சுருட்டி மேலே கட்டிவிட்டார்.

ஐரோப்பாவில் கோயிலுக்குள் புகுந்தவனைப் பிடிக்கக்கூடாது என்பது ஒருகாலம் சட்டமாகவே இருந்தது. இங்கிலாந்து அதை 1624இல் ஒழித்தது. எங்கள் கலவரத்துக்கு ஒரு வருடம் முன்னர், 1982 மார்ச்சில், அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு பிரெஸ்பிட்டேரியன் கோயில் மத்திய அமெரிக்க அகதிகளுக்குத் தன் கதவு திறந்தே இருக்கும் என்று பகிரங்கமாக அறிவித்தது. எங்கள் சுவாமியாருக்கு இதெல்லாம் தெரிந்திருக்குமா? அறிவிப்பு எதுவும் அவர் செய்யவில்லை. அரிசி எத்தனை கிலோ மிச்சம் என்பதுதான் அவருடைய அந்த வாரத்து வேதம்.

அறிவிப்புச் செய்ய வேறொருவர் இருந்தார். குருநாகல் அங்கிலிக்கன் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க. சிங்களவரான அவர் 1983 ஜூலைக்குத் தன் இனத்தவர் வெட்கப்பட வேண்டும் என்று திருச்சபைக்கு முன்னால் சொன்னார். அந்த ஒக்டோபரிலேயே இறந்துபோனார். ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தன தொலைக்காட்சியில் தோன்ற ஜூலை 28 ஆனது. அவருடைய பேச்சில் எங்களுக்கு ஓர் ஆறுதல் வார்த்தைகூட இருக்கவில்லை.

அதற்கடுத்த நாள்தான் வெள்ளிக்கிழமை. நகரத்துக்குள் "கொட்டியா", அதாவது புலி, வந்துவிட்டது என்று ஒரு வதந்தி; அடங்கியிருந்த கொலை மறுபடி எழுந்தது. மத்தியானம் அளவில் எங்கள் வாசலுக்கு ஒரு கூட்டம் வருகிறது என்று ஒரு பொடியன் ஓடிவந்து சொன்னான். மணி அடிக்கிறவர், அறுபது வயது, அவரும் சிங்களவர், இரும்புப் படலைக்கு வெளியே போய் நின்றுகொண்டு பெரிய ஆமைப்பூட்டைக் கொழுவி அமத்தினார். உள்ளே யாருமில்லை, கோயில் பூட்டிக் கிடக்கிறது என்று காட்டுவதற்கு.

நாங்கள் கோயில் தரையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தோம். வெளியே கனநேரம் சிங்களத்தில் வாக்குவாதம் கேட்டது. ஏதோ ஒன்று படலையில் மோதிய சத்தம். பிறகு காலடிகள் தூரப் போயின.

அந்தக் கிழமை முடிய எங்களைக் கப்பலில் ஏற்றிக் காங்கேசன்துறைக்கு அனுப்பினார்கள். வெள்ளவத்தையில் இருந்த பெரியம்மாவுக்கு அந்தக் கப்பல்பாதை புதிதல்ல. 1958இல் றோயல் கல்லூரி முகாமிலிருந்து கப்பலில்தான் அவரை வடக்கே கொண்டுபோய் இறக்கினார்கள். பெரியம்மாவும் நாங்களும் கொழும்புக்குத் திரும்பி வந்தோம். எங்கள் தொழிலும் வீடும் இங்கேதான். 2007 ஜூனில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜுகளிலிருந்து 376 தமிழரைப் பொலிசார் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாளே உயர்நீதிமன்றம் அதைத் தடுத்தது. அந்தக் காலத்தில் என் சட்டைப்பையில் அடையாள அட்டையோடு பங்குச் சுவாமியார் எழுதித்தந்த ஒரு கடிதமும் இருந்தது. இவரை எனக்குத் தெரியும் என்று சிங்களத்தில் இரண்டு வரி.

2019 ஏப்ரல் 21, மறுபடியும் ஓர் உயிர்த்த ஞாயிறு. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குள் குண்டு வெடித்தது. அதற்குப் பழியாக, அடுத்த நாட்களில் நீர்கொழும்பில் வாடகைக்கு இருந்த பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் அகதிகளை வீடுகளிலிருந்து துரத்தினார்கள். அவர்களில் பலர் அகமதியர். தங்கள் நாட்டில் சமயத்துக்காக அடிபட்டு ஓடிவந்தவர்கள். ஒரு பகுதியினர் பொலிஸ் நிலையத்தின் வாகனத் தரிப்பிடத்தில் படுத்தார்கள். அந்தச் செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "கிணறு இருக்குதாமோ அங்கே?" என்று கேட்டார். எண்பது வயதில் அவருக்கு வந்த முதல் கேள்வி அது.

அப்போதுதான் நான் கேட்டேன், முப்பத்தாறு வருடமாகக் கேட்காததை. அந்த வெள்ளிக்கிழமை மணி அடிக்கிற ஐயாவை அடித்துத் திறப்பைப் பறித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

"அவரிட்ட எங்க திறப்பு?" என்றார் அம்மா. பூட்டை அமத்திய கையோடு, படலைக் கம்பிகளுக்கிடையால் திறப்பை அம்மாவிடம் நீட்டியிருக்கிறார். "என்னட்ட இருந்தால் அடிதாங்காமல் குடுத்துப்போடுவன், நீங்க வைச்சிருங்க" என்று அரைகுறைத் தமிழில். அம்மா அதைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு பீடத்துக்குப் பின்னால் போய் இருந்திருக்கிறார்.

சனிக்கிழமை காலை அவர் வந்து கேட்டபோது முடிச்சு அவிழவில்லையாம். பல்லால் கடித்து அவிழ்த்துக் கொடுத்தேன் என்றார்.