இணைய முகவரியில் திறவுச்சொல்

ஒரு பக்கத்தைத் தேடுவோர் எந்தச் சொல்லைத் தட்டச்சு செய்வார்கள் என்று ஊகித்து, அந்தத் திறவுச்சொல்லை அப்பக்கத்தின் இணைய முகவரிக்குள் வைக்கும் முறை தேடுபொறிக்கான உத்திகளுள் ஒன்று. சொல் டொமைன் பெயரிலேயே அமையலாம். சாய்கோட்டுக்குப் பின் வரும் வாலிலும் அமையலாம். கொழும்பின் வெள்ளவத்தையில் ஒரு புடவைக்கடை தன் பெயரை விட்டுவிட்டு ஊர்ப்பெயரையும் 'சாரி' என்பதையும் ஒட்டி டொமைன் பதிவது முதல் வகை. கொட்டாஞ்சேனைத் தொடர்மாடி வீடொன்றின் விளம்பர முகவரி வெறும் எண்ணாக நிற்காமல் ஊரையும் வாடகையையும் சொல்வது இரண்டாம் வகை. இப்படிச் செய்தால் கூகுளில் மேலே வரலாம் என்று வலைத்தளம் அமைத்துக் கொடுப்போர் சொல்வது வழக்கம். ஒரு காலத்தில் அதில் உண்மை இருந்தது. இன்று எஞ்சியிருப்பது சொற்பம். முகவரியில் உள்ள சொல் அதைப் படிக்கும் மனிதருக்குத்தான் உதவுகிறது. வரிசைப்படுத்தும் பொறி அதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை.

தேடப்படும் சொற்றொடரையே டொமைனாகப் பதிந்துகொண்டு, உள்ளே ஒன்றுமில்லாத பக்கங்களை முதலிடத்தில் நிறுத்தும் வியாபாரம் 2000களில் செழித்தது. 2012 செப்டெம்பரில் கூகுள் அதற்குக் கடிவாளம் போட்டது. தரம் குறைந்த அத்தகைய தளங்களைப் பின்தள்ளும் மாற்றத்தை அன்று அங்கே பணியாற்றிய மாட் கட்ஸ் அறிவித்தார். பிறகு கூகுளைச் சேர்ந்த ஜான் முல்லர், முகவரிச் சொற்கள் மிகச் சிறிய காரணி என்று பலமுறை சொன்னார். பக்கத்தைப் பொறி இன்னும் வாசிக்காத நிலையில் அவை சற்றுத் துப்புக் கொடுக்கலாம். வாசித்து முடித்தபின் உள்ளடக்கமே பேசும் என்பது அவர் விளக்கம். கூகுளின் தொடக்கநிலைக் கையேடும், டொமைனிலோ வாலிலோ உள்ள சொற்களால் மட்டும் தரவரிசையில் அநேகமாக எந்த விளைவும் இல்லை என்றே சொல்கிறது. தேடல் முடிவில் தலைப்புக்கு மேலே தெரியும் வழித்தடத்தில் அச்சொற்கள் தென்படுவது மட்டுமே அக்கையேடு ஒப்புக்கொள்ளும் பயன். 2025 ஜனவரியில் கைத்தொலைபேசித் தேடலில் அந்த வழித்தடமும் நீக்கப்பட்டு, டொமைன் மட்டும் தெரியும்படி ஆயிற்று. கைத்தொலைபேசியிலேயே தேடிப் பழகிய கொழும்பில் இது சிறிய மாற்றம் அல்ல.

கூகுள் தன்னைப் பற்றிச் சொல்வதை மட்டும் நம்ப வேண்டியதில்லை. கண்முன்னே சான்று உண்டு. 1930இல் தொடங்கி, கொட்டாஞ்சேனைக்கு அடுத்த கிராண்ட்பாஸ் வீதியிலிருந்து வெளிவரும் வீரகேசரி நாளிதழின் இணையச் செய்திகளுக்கு முகவரியில் ஓர் எண்தான் இருக்கிறது. பிபிசி தமிழ்க் கட்டுரைகளின் முகவரி பொருளற்ற எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு கோவையில் முடிகிறது. யூடியூப் காணொளிக்குப் பதினோரு குறிகள் போதும். இம்மூன்றும் தமிழில் தேடுவோர் கண்ணில் அடிக்கடி படுபவை. முகவரிச் சொல்தான் ஏணி என்றால் இவை எதைப் பிடித்து மேலே ஏறின?

எதிர்வாதம் ஒன்று உண்டு. எதைத் தேடினாலும் முதற்பக்கத்தில் வரும் முகவரிகளில் பெரும்பாலும் தேடிய சொல் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறதுதான். ஆனால் வேர்ட்பிரஸ் போன்ற வலைத்தள மென்பொருள்களில் தலைப்பிலிருந்தே வால் உருவாகிறது. நல்ல தலைப்பும் நல்ல உள்ளடக்கமும் கொண்ட பக்கத்துக்கு அச்சொல் தானாகவே முகவரியிலும் வந்து அமர்ந்துவிடுகிறது. கூடவே காணப்படுவதைக் காரணம் என்று எடுத்துக்கொள்வதே இங்கே நேரும் பிழை. இன்னொரு வாதத்துக்கு வலு கூடுதல்: முகவரியை அப்படியே ஒட்டி யாரேனும் இணைப்புக் கொடுத்தால், அதிலுள்ள சொற்களே இணைப்பின் சொற்களாகவும் ஆகின்றன, இணைப்புச் சொற்களைப் பொறி கவனிக்கிறது. இதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் பலன், யாரேனும் இணைப்புக் கொடுத்த பிறகே கிடைப்பது. இணைப்பைப் பெற்றுத் தருவது முகவரி அல்ல.

தமிழில் எழுதும்போது இந்த உத்தி இன்னொரு விதத்திலும் இடறுகிறது. இணைய முகவரி ஆங்கில எழுத்துகளை மனத்தில் வைத்து வகுக்கப்பட்டது. ஆகவே யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் (எழுத்து, உயிர்க்குறி, புள்ளி ஒவ்வொன்றும்) மூன்று பைட்டுகளாகி, ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு சேர்ந்து மூன்று எழுத்துகளாகிறது. ஒரு குறிக்கு ஒன்பது எழுத்து. 'வெள்ளவத்தை'யில் பத்துக் குறிகள்; உள்ளே அது 90 எழுத்துகள். 'கொட்டாஞ்சேனை' பன்னிரண்டு குறிகள், 108 எழுத்துகள். வேர்ட்பிரஸ் வாலுக்கு ஒதுக்கும் இடமோ 200 எழுத்துகள். 'கொட்டாஞ்சேனை தொடர்மாடி வீடு வாடகைக்கு' என்று தலைப்பிட்டால் முதல் இரண்டு சொற்களும் இடைக்கோடும் 190 எழுத்துகளை விழுங்கிவிடும். 'வீடு' முழுதாய் நுழையாது. 'வாடகை'க்கு இடமே இல்லை. தேடுவோருக்கு வேண்டிய இரண்டு சொற்களும் அறுந்து போகின்றன. இதனால் அந்தப் பக்கம் தேடலில் காணாமற்போவதில்லை, ஏனெனில் தலைப்பிலும் உடலிலும் அவை இருக்கின்றன. முகவரிச் சொல்லின் எடை எவ்வளவு என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி. 'கொ' என்ற எழுத்தில் வேறொரு சிக்கலும் ஒளிந்திருக்கிறது. அதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. சேவையகத்துக்கு இரண்டு வெவ்வேறு வால்கள். ஒன்றில் திறக்கும் பக்கம் மற்றதில் 'காணப்படவில்லை' என்று கைவிரிக்கக்கூடும்.

அப்படியானால் ஆங்கில எழுத்தில் எழுதிவிடலாமா? வட்ஸ்அப்பில் அனுப்பும்போது அதுவே சுத்தமாகத் தெரியும். தமிழ் வாலை நகலெடுத்து ஒட்டினால் பல வேளைகளில் சதவீதக் குறிகளின் அணிவகுப்புத்தான் போய்ச் சேரும். ஆனால் வெள்ளவத்தையை ஆங்கிலத்தில் 'ஈ' எழுத்தில் முடிப்போரும் உண்டு, 'ஏ' எழுத்தில் முடிப்போரும் உண்டு. அப்பகுதியின் அஞ்சல் எண்ணாகிய 'கொழும்பு 6' என்று மட்டும் தேடுவோரும் இருக்கிறார்கள். எந்த எழுத்துக்கூட்டலைத் தேர்ந்தாலும் மற்றவை வெளியே நிற்கும். இந்த வேறுபாடுகளைப் பொறி பெரும்பாலும் தானே இணைத்துப் புரிந்துகொள்கிறது. அதனால் இழப்பு பெரிதல்ல. தமிழிலேயே முகவரி வேண்டும் என்பது உரிமை சார்ந்த கோரிக்கை, அதற்குத் தேடல் தரவரிசையைத் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை. 1990இலிருந்து இலங்கைக்கு இரண்டெழுத்து ஆங்கிலக் குறியீடு இருந்தது, 2010இல் '.இலங்கை', '.ලංකා' இரண்டும் உலக டொமைன் பட்டியலில் ஏறின. '.இலங்கை' என்ற முகவரியைப் பதிவோர் தம் மொழியை நிலைநாட்டப் பதியலாம். முதலிடம் கிடைக்கும் என்று பதிவது வீண்.

ஊர்க்கடைகளுக்கு வேறு கணக்கு. கொழும்பு 6இல் நின்றுகொண்டு புடவைக்கடை தேடினால் முதலில் வருவது வரைபடமும் கடைப் பட்டியலும். அந்த வரிசைக்கு கூகுள் சொல்லும் அடிப்படைகள் மூன்று: தேடியதற்குப் பொருத்தம், தூரம், பெயர் பெற்ற அளவு. காலி வீதியில் கடை எங்கே இருக்கிறது, திறக்கும் நேரம் சரியாகப் பதியப்பட்டிருக்கிறதா, வந்துபோனோர் என்ன எழுதினார்கள் என்பவை முகவரி வாலைவிடப் பல மடங்கு கனமானவை. இந்தப் பட்டியல் முக்கியம் என்று அறிந்து சிலர் அதில் கடைப்பெயரோடு ஊரையும் சரக்கையும் சேர்த்துப் பதிகிறார்கள். பெயர்ப் பலகையில் இல்லாத சொற்களைச் சேர்ப்பது கூகுளின் விதிக்கு விரோதம்.

வேலை செய்துகொண்டிருக்கும் பழைய முகவரியைத் திறவுச்சொல்லுக்காக மாற்றுவதுதான் உள்ளபடியே நட்டம் தரும் காரியம். நல்ல முகவரி மாறக்கூடாது என்று வைய விரிவு வலையை உருவாக்கிய டிம் பேர்னர்ஸ்-லீ 1998இலேயே எழுதினார். மாறக்கூடிய எதையும் முகவரிக்குள் வைக்காதீர்கள் என்றும், அதில் பொருளைக் குறிக்கும் சொல்லும் அடங்கும் என்றும் வாதிட்டார். வெள்ளவத்தையைப் பெயரில் சுமந்த கடை தெஹிவளைக்கு இடம் மாறினால் அந்த முகவரி பொய்யாகிவிடும். மாற்றியே ஆகவேண்டிய நிலை வந்தால் பழைய முகவரிக்கு வருவோரைப் புதியதற்கு நிரந்தரமாகத் திருப்பிவிட வேண்டும்; அந்தத் திருப்பத்தை ஓராண்டாவது விட்டுவைக்கும்படி கூகுள் கேட்கிறது.